கைக்குழந்தையோடு பொடித் தொழில்: வேலையை விடும் முன்னும் விட்ட பின்னும்

சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், பேறுகாலத்துக்குப் பாளையங்கோட்டைக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ தாய்வீடு வந்து, இனி இங்கேயே சமையலைத் தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பண்டத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் போதும். குழந்தை அழுத நொடியில் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனால் அந்தப் பண்டம் கெடுமா, கெடாதா? கெடும் என்றால் முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.

இந்த அளவுகோலில் அல்வா முதலிலேயே விழுந்துவிடும். கோதுமைப் பால் கெட்டியாகத் தொடங்கியபின் கை எடுக்காமல் கிண்ட வேண்டும்; பாதியில் விட்டால் அடிப்பிடிக்கும், கட்டி தட்டும். முறுக்கும் முந்திரிக்கொத்தும் காய்ந்த எண்ணெயோடு நடக்கிற வேலை. அதை விட்டு எழுவது ஆபத்து. தினசரி மதியச் சாப்பாடு எடுத்தால் பன்னிரண்டரை மணிக்கு டப்பா போயாக வேண்டும், குழந்தைக்கு அந்த மணி தெரியாது. மாறாக, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, உளுந்தங்களி மாவு ஆகியவை துண்டு துண்டாகச் செய்யத்தக்க வேலைகள். உளுந்தை வறுத்து இறக்கிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாம். எள்ளை மாலையில் வறுக்கலாம், மறுநாள் அரைக்கலாம். அதனால் இந்தக் குறிப்பு பெரும்பாலும் பொடியைப் பற்றியது. தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கும் இடம் உண்டு, கடைசியில்.

வேலையை விடும் முன்

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆகவே குழந்தை பிறந்த கையோடு ராஜினாமா எழுத வேண்டிய அவசரம் எதுவுமில்லை. இந்த 26 வாரத்தின் கடைசி மூன்று மாதம்தான் உங்கள் சோதனைக் காலம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சிறு அளவில் செய்து, உறவினருக்குக் கொடுத்து, பண்டம் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். விற்பனைக்கு இறங்கும் முன் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை பல கடிதங்களில் இருக்கும். இருந்தால், வேலையிலிருந்து விடுபடும் நாள் வரை ருசி பார்க்கக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில் நோட்டீஸ் காலம் 60 நாளா, 90 நாளா, சேரும்போது தந்த போனஸைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் பாருங்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) வழக்கமாக 5 வருடத் தொடர் சேவைக்குப் பிறகே கிடைக்கும். மகப்பேறு விடுப்பும் அந்தச் சேவையில் சேரும். நாலே முக்கால் வருடத்தில் இருப்பவர் மூன்று மாதம் பொறுத்தால் ஒரு நல்ல தொகை கைக்கு வரும். அதன் கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி முதலாகச் சட்டம் கணக்கில் எடுக்கும் மாதத் தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சேவை வருடங்களால் பெருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுவலகக் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு போய்விடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழந்தையையும் சேர்த்துத் தனிப் பாலிசிக்கு மாற்றிக் கேளுங்கள். வேலையை விட்டபின் புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். வீட்டுக் கடனோ நகைக் கடனைத் தவிர்த்த வேறு கடனோ வாங்கும் எண்ணமிருந்தால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடியுங்கள். வருங்கால வைப்பு நிதியைத் தொழிலுக்கு முதலாகப் போட வேண்டாம். 5 வருடம் முடியாமல் எடுத்தால் அதற்கு வரியும் உண்டு. பொடித் தொழிலுக்கு அவ்வளவு முதலும் தேவைப்படாது.

உடம்பு, பால், மிளகாய்

முதல் ஆறு வாரம் அடுப்புப் பக்கமே போக வேண்டாம். அறுவைப் பிரசவம் என்றால் அந்த ஆறு வாரமும் குழந்தையின் எடையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. கிரைண்டர் கல், பத்து கிலோ உளுந்துப் பை, நிறைந்த எண்ணெய் டின் எல்லாம் அதில் அடங்கும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பூண்டுக் குழம்பும் சாப்பிட்டுத் தெம்பு பிடிக்கிற காலம் இது. உட்கார்ந்தபடி செய்யத்தக்க வேலைகள் இருக்கின்றன: விலை விசாரிப்பது, லேபிள் எழுதுவது, பதிவுக்கான தாள்களைச் சேர்ப்பது.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு என்பதால் வேலை நேரம் பாலைச் சுற்றித்தான் அமையும். பீய்ச்சி வைக்கிற பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். சித்திரையில் நம் அடுக்களைகள் அதைவிட எவ்வளவோ சூடு. அதனால் உடனே குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்தட்டின் பின்பக்கம் வைத்தால் 4 நாள் இருக்கும்.

மிளகாய் வத்தல் விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் போகாது. வத்தலைக் காம்பு கிள்ளிய கையோடு குழந்தையைத் தொட்டால் கண்ணும் தோலும் எரிந்துவிடும். கையுறை போடுங்கள். அதற்குப் பிறகும் கையில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரைத்த அன்று போட்டிருந்த உடுப்போடு பால் கொடுக்க உட்கார வேண்டாம். பொடித் தூசி துணியிலேயே நிற்கும். வத்தல் வறுக்கும்போது குழந்தை அடுத்த அறையில் இருப்பது போதாது, முன்பக்கத் தார்சாவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போக வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கிறபோது, மேற்கே ஜன்னல் உள்ள அடுக்களையில் நெடி முழுவதும் வீட்டுக்குள் திரும்பும். அந்த மாதங்களில் வத்தலை வறுப்பதை விட்டுவிட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். நொறுங்குகிற பதம் வந்தால் போதும்.

இட்லிப் பொடி: ஓர் ஈட்டு அளவு

ஒரே தடவையில் செய்கிற ஒரு ஈட்டுக்கு இந்த அளவு சரியாக இருக்கும். வீட்டு மிக்ஸி தாங்கும், நாலு மணி நேரத்தில் முடியும்.

தோல் உளுந்து 1.5 கிலோ, கடலைப் பருப்பு 450 கிராம், எள் 450 கிராம், வத்தல் 270 கிராம் (குண்டு வத்தல் பாதி, சம்பா வத்தல் பாதி), கல் உப்பு 150 கிராம், கட்டிப் பெருங்காயம் 45 கிராம். மொத்தம் 2 கிலோ 865 கிராம். வறுபடுகையில் ஈரம் போய், அரைக்கையில் கொஞ்சம் சிந்தி, 2.7 கிலோ அளவில் நிற்கும். 100 கிராம் பாக்கெட் 27.

குண்டு வத்தல் நிறத்துக்கு, சம்பா வத்தல் உறைப்புக்கு. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசல் பக்கம் ஐப்பசி மழைக்கு விதைத்த உளுந்து தை மாதம் களத்துக்கு வரும், வத்தல் அதற்கடுத்து வரும். மூன்று மாதத்துக்கான சரக்கை அப்போது வாங்கிவைப்பது நல்லது. வருடத்துக்கும் சேர்த்து வாங்கினால் வண்டு விழும்.

உளுந்தைச் சுளவில் புடைத்துக் கல் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். கனமான இரும்புச் சட்டியில் அரைக் கிலோ அரைக் கிலோவாகச் சிறு தீயில் 18 முதல் 20 நிமிடம் வறுக்க வேண்டும். தோல் உளுந்தில் வெளிநிறம் எதையும் காட்டாது. அதுதான் இதிலுள்ள சிக்கல். நாலைந்து மணியை எடுத்து நசுக்கிப் பாருங்கள். உள்ளே பொன்னிறமாக, பல்லில் ‘நறுக்’கென்று உடைந்தால் பதம். நடுவில் வெள்ளையாக இருந்தால் பொடியில் பச்சை வாடை வரும், பத்தே நாளில் சுவை மாறும். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் தோல் கருகி நடு வேகாமல் நிற்கும்.

கடலைப் பருப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். எள் படபடவென்று பொரியத் தொடங்கி அடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள், மூன்று நாலு நிமிடம்தான். எள் ஒரு நிமிடம் கூடினாலும் மொத்த ஈடும் கசக்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. உப்பையும் வெறும் சட்டியில் வறுத்து ஈரத்தைப் போக்குங்கள். பெருங்காயத்தை ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் உப்பி வரும் வரை பொரியுங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனித் தாம்பாளத்தில் பரப்பி, துணி மூடி ஆறவிடுங்கள். இந்த இடத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுந்து போகலாம். முழுதாக ஆறியபின் காற்றுப் புகாத ஏனத்தில் மூடிவைத்தால் மறுநாள் அரைத்தாலும் குற்றமில்லை. கைக்குழந்தைக்காரிக்கு இந்தப் பொடி ஒத்துவருவதே இதனால்தான்.

அரைக்கும் வரிசை முக்கியம். முதலில் வத்தல், உப்பு, பெருங்காயம், நைசாக. பிறகு பருப்புகள், கொரகொரவென்று. கடைசியில் எள், மிக்ஸியை இரண்டு மூன்று சுற்று விட்டு விட்டு மட்டும். எள்ளை முதலில் போட்டாலோ ஓடவிட்டாலோ சூட்டில் எண்ணெய் கக்கி, பொடி உருண்டை பிடிக்கும், சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். மூன்று ஜாடிக்கு ஒருமுறை மிக்ஸியைக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். அரைத்த பொடியைத் திரும்பவும் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவைத்து அதன்பிறகே அடைக்க வேண்டும். இளஞ்சூட்டோடு அடைத்த பாக்கெட்டில் ஆவி நீராகி மூலையில் பூசணம் கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரம். அப்போது ஆறியதும் தாமதிக்காமல் அடையுங்கள்.

அளவு கூடி மில்லுக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், உங்களுக்கு முன் அந்த இயந்திரத்தில் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். சீயக்காய் அரைத்த மில்லில் உணவுப் பொடி அரைக்கவே வேண்டாம். மல்லி, மஞ்சள் என்றால் கால் கிலோ அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவை ஒதுக்கிவிட்டு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள்.

பாக்கெட்டுக்கு உள்ளே ஃபாயில் அடுக்குள்ள பை நல்லது. கண்ணாடிப் பை பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் பட்டு எள் சீக்கிரம் கெடும். ஒட்டும் முன் பையின் வாயை உள்பக்கம் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒட்டுகிற இடத்தில் பொடி இருந்தால் சீல் பிரியும். முதல் ஈட்டில் ஆறு பாக்கெட்டை விற்காமல் வைத்து, பதினைந்து நாளுக்கொன்று உடைத்து முகர்ந்து, இட்லிக்கு வைத்துப் பாருங்கள். எந்தப் பாக்கெட்டில் வாடை மாறியதோ அதற்கு முந்தைய பாக்கெட்டின் காலத்தைத்தான் காலாவதியாகப் போட வேண்டும். பக்கத்துக் கடைப் பாக்கெட்டில் ஆறு மாதம் என்றிருப்பதைப் பார்த்து எழுதுவது தவறு.

உளுந்தங்களி மாவு

நம் பக்கம் பெரியமனுஷியான பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்தங்களி கொடுக்காத வீடு குறைவு. ஆனால் வேலைக்குப் போகிற வீடுகளில் வறுத்துத் திரிக்க ஆளில்லை. அதனால் இது நன்றாகப் போகும். தோல் உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, தனித்தனியே வாசம் வர வறுத்து, நைசாகத் திரித்துச் சலியுங்கள். கருப்பட்டியை மாவோடு கலக்க வேண்டாம். அது ஈரத்தை இழுத்து மாவைக் கட்டியாக்கும். உடன்குடிக் கருப்பட்டியைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

செய்முறைச் சீட்டு ஒன்றும் உள்ளே வையுங்கள்: மாவு 200 கிராம், கருப்பட்டி 250 கிராம், தண்ணீர் 600 மில்லி, நல்லெண்ணெய் 100 மில்லி. கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்கவைத்து மண் போக வடிகட்டி, ஆறிய பாகிலேயே மாவைக் கரைத்து, பிறகு அடுப்பில் ஏற்றிக் கிண்ட வேண்டும். கொதிக்கும் பாகில் மாவைக் கொட்டினால் கட்டி விழும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம்.

காசுக் கணக்கு

விலைகள் மாறும்; கணக்குப் போடும் முறைக்காக ஓர் எடுத்துக்காட்டு. உளுந்து கிலோ 130, கடலைப் பருப்பு 100, எள் 220, வத்தல் 250, பெருங்காயம் 1,500, உப்பு 20 ரூபாய் என்று வைத்தால் மேற்சொன்ன ஈட்டுக்குச் சரக்கு 477 ரூபாய். பாக்கெட்டுக்கு 17.70. பையும் லேபிளும் 6, கேஸும் கரண்டும் 2, சேதாரமும் மாதிரியும் 2, கடைக்குக் கொண்டுபோக 3. உங்கள் கூலி மணிக்கு 100 வீதம் நாலு மணி நேரத்துக்கு 400 ரூபாய், பாக்கெட்டுக்கு 14.80. ஆக அடக்கம் 45.50.

கூலியைக் கணக்கில் சேர்க்காமல் ‘வீட்டில்தானே இருக்கிறோம்’ என்று விலை வைக்கிறவர்களின் தொழில், உதவிக்கு ஓர் ஆள் வைக்க வேண்டிய நாளில் நின்றுபோகும். 65 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் 19.50 மிஞ்சும். கடைக்கு 20 விழுக்காடு கழிவு கொடுத்தால் 6.50 தான். ஆகவே தொடக்கத்தில் முக்கால் பங்காவது நேரடி விற்பனையாக இருக்கட்டும்.

இப்போது இதைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். நேரடி விற்பனையில் கூலியும் லாபமும் சேர்ந்து பாக்கெட்டுக்கு 34.30. மாதம் 45,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஈடாக 1,300 பாக்கெட்டுக்கு மேல் விற்க வேண்டும். அதற்கு மாதம் 195 மணி நேர வேலை. கைக்குழந்தையோடு அது ஆகாது. வாரம் மூன்று ஈடு, பன்னிரண்டு மணி நேரம் என்பதே நடக்கக்கூடியது. அதில் மாதம் 324 பாக்கெட், ஏறத்தாழ 11,000 ரூபாய். முதல் வருடத்துக்கு இந்தத் தொகையை வைத்துத்தான் குடும்பச் செலவைத் திட்டமிட வேண்டும். மிச்சத்தை வீட்டுக்காரர் சம்பளமோ சேமிப்போ தாங்குமா என்று இருவரும் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தபிறகு ராஜினாமா எழுதுங்கள். தாங்காது என்றால் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டு, இன்னொரு வருடம் சேமித்துவிட்டு வரலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

பதிவும் லேபிளும்

சிறு வீட்டுத் தொழிலுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் படிவம் ஏ-யை நிரப்பி, புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்தால் 14 இலக்க எண் வரும். நீங்களே செய்யலாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் தரகருடையது. விற்பனைக்குப் பயன்படுத்தும் தராசுக்குச் சட்டமுறை எடையளவு முத்திரை வேண்டும்.

லேபிளில் பண்டத்தின் பெயர், எடை, எடைப்படி இறங்குவரிசையில் சேர்மானம், பச்சைப் புள்ளிச் சின்னம், ஈட்டு எண், தயாரித்த தேதி, காலாவதி, அதிகபட்ச விலை, முகவரி, புகார் எண், பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைப் பார்த்து, இருந்தால் ‘கோதுமை உள்ளது’ என்று ஒவ்வாமைக் குறிப்பில் எழுதியாக வேண்டும்.

களி மாவின் லேபிளில் ‘தாய்ப்பால் பெருகும்’, ‘இடுப்புவலி தீரும்’ என்று எழுதக் கூடாது. உணவுக்கு மருந்துப் பலன் சொல்லச் சட்டம் இடம் தராது. அதேபோல, சத்துமாவு செய்து ‘ஆறு மாதக் குழந்தைக்கு’ என்று விற்க வேண்டாம். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் உணவுக்கு 1992-ஆம் ஆண்டு முதலே தனிச் சட்டம் இருக்கிறது, விளம்பரமே கூடாது. உங்கள் பிள்ளைக்குச் செய்யுங்கள், ஊர்ப்பிள்ளைக்கு விற்காதீர்கள்.

முதலில் பொடி கேட்பவர்கள் பழைய அலுவலகத் தோழிகளாகவே இருப்பார்கள். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ விற்பது மாநிலம் தாண்டிய சரக்கு விற்பனை. அதற்கு விற்பனைத் தொகை எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை தேவையில்லை. முதல் ஆறு மாதம் சென்னை, மதுரை, கோவை என்று நிறுத்திக்கொள்வது சுலபம். கூரியருக்கு வாரத்தில் ஒரே நாளை ஒதுக்குங்கள், திங்கள் நல்லது. வெள்ளி அனுப்பினால் ஞாயிறு முழுவதும் பார்சல் கிட்டங்கியில் வெந்து கிடக்கும்.

சொதி

குழந்தை தவழத் தொடங்கி, ஆச்சியிடமோ மதினியிடமோ மூன்று மணி நேரம் அழாமல் இருக்கும் காலம் வந்தால், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொதி ஆர்டர் எடுக்கலாம். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கும் வளைகாப்புக்கும் கேட்பார்கள். பாதிப் பணம் முன்னால் வாங்காமல் தேங்காய் உடைக்க வேண்டாம்.

பத்துப் பேருக்கு: பெரிய தேங்காய் 3, பாசிப்பருப்பு 150 கிராம், உருளை, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி சேர்ந்து ஒன்றேகால் கிலோ, பச்சை மிளகாய் 12, இஞ்சி 30 கிராம், எலுமிச்சை 2. காய்களை முதல்நாள் மாலையே வாங்கி நறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு மகாராஜநகர் உழவர் சந்தை, நெல்லை டவுன் பக்கத்தவர்க்கு நயினார்குளம் மார்க்கெட். மூன்றாம் பாலில் காய் வேக, இரண்டாம் பாலும் வெந்த பருப்பும் அரைத்த மிளகாயும் சேர்ந்து கொதிக்க வேண்டும். முதல் பாலையும் இஞ்சிச் சாற்றையும் ஊற்றியபின் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்தபின்.

தேங்காய்ப்பால் பண்டம் நம் வெயிலில் மதியத்துக்கு மேல் நிற்காது. பத்தரைக்கு இறக்கி, சுடச்சுட ஹாட்பாக்ஸில் ஊற்றி, பதினொன்றரைக்குள் கொடுத்துவிடுங்கள். ‘ஒரு மணிக்குள் சாப்பிடவும், மிஞ்சினால் குளிர்ப்பெட்டியில் வைக்கவும்’ என்று மூடியில் எழுதி ஒட்டுங்கள். இஞ்சித் துவையலை முதல்நாளே அரைத்துவிடலாம். உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் எண்ணெய் வேலை. அதை வெளியே நம்பகமான கடையில் வாங்கிச் சேர்ப்பதே குழந்தை உள்ள வீட்டுக்கு நல்லது.